ஊர்ப் பெட்டி

அம்மா இறந்தது வைகாசியில், பொழுது சாயும் நேரத்தில். பேரையூர்ப் பக்கத்துக் கரிசல், பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி முழுக்கக் கக்கிக்கொண்டு கிடக்கும். தங்கச்சி மஸ்கட்டில் நர்ஸ். விமானம் பிடித்து மதுரையில் இறங்கி வீடு வந்து சேர மறுநாள் சாயங்காலம் ஆகிவிடும். போனில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அண்ணே, அம்மா மூஞ்சிய நான் பாத்துறணும். அதுவரைக்கும் வச்சிருங்க."

வைத்திருக்க ஃப்ரீசர் பெட்டி வேண்டும். எங்கள் ஊரில் பந்தல், சேர், ஜெனரேட்டர் எல்லாம் வாடகைக்கு விடும் ஒருவரிடம் பெட்டியும் உண்டு. நான் மதுரையில், காளவாசலில், வெகுகாலமாகக் குடியிருப்பவன். பேச்சிலிருந்து ஊர் உதிர்ந்துவிட்ட ஆள். நம்பரை வாங்கிப் பேசினேன்.

"பெட்டி ரெடியா இருக்கு சார். லொக்கேஷன் மட்டும் போட்டு விடுங்க, வண்டி வந்துரும்."

அம்மா வீட்டிலிருந்தே போட்டேன். நீல டிக் விழுந்தது. அடுத்த நொடி அவரே கூப்பிட்டார்.

"சார், மேப்புல பின்னு ஓடைக்கு அங்கிட்டுல்ல விழுது. காலனியா?"

"ஆமா."

"காலனியில யாருக்கு சார்?"

பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்த ஆயா, அவருடைய மகன் நான் என்றேன்.

"ஐயோ, நம்ம ஆயாம்மாவா!" குரல் நிஜமாகவே உடைந்தது. "அவுக கையால முட்டை வாங்கித் தின்னவன் சார் நானு." பிறகு, "காலனிப் பெட்டிக்கு கம்ப்ரஸர் போயிருச்சு சார். ஒர்க்‌ஷாப்ல கெடக்கு."

"ரெடியா இருக்குன்னு சொன்னீங்களே?"

"அது ஊர்ப் பெட்டி சார்."

சாவுக்கும் இரண்டு பெட்டி. எனக்குத் தெரியாது. ஊரில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாருக்கும் அது சொல்லவேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்கவில்லை.

சின்ன வயதில் டீக்கடையில் எங்களுக்குச் சிரட்டை. பிறகு தனி கிளாஸ். பிறகு பேப்பர் கப் வந்தது, எல்லோருக்கும் ஒரே கப். அன்றைக்கு நான் அதைக் கொண்டாடி ஒரு கவிதைகூட எழுதினேன். கசக்கி எறிய முடிகிற சமத்துவம் என்பது அப்போது உறைக்கவில்லை. எறிய முடியாத ஒன்றைப் பொதுவில் வைத்துப் பார்க்கட்டும், தெரியும். அம்மா சமையலுக்குச் சேர்ந்த புதிதில் ஊர்க்காரர்கள் பள்ளி வாசலில் நின்று வைதார்கள், பிள்ளைகளைத் தட்டோடு இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த வசவுக்கு ஒரு வாய் இருந்தது. இன்னார் வாய் என்று கை நீட்ட முடிந்தது. இப்போது வைவதற்கு ஆளே இல்லை. 'சார்' போடுகிறார்கள். காளவாசலில் வீடு தேடியபோதும் அப்படித்தான். "சொந்த ஊர் எது சார்? அங்கன எந்தப் பக்கம்?" சிரித்த முகம், உப்புத்தாள் போல் தேய்க்கும் விசாரணை.

பெட்டிக்காக மதுரையில் விசாரித்தேன், அவ்வளவு தூரம் வராது என்றார்கள். திருமங்கலத்தில் ஒருவர், "அது அவரு ஏரியா சார், நாங்க உள்ள வந்தா பிரச்சனை" என்றார். சரியென்று, காலனியிலேயே லோடு வண்டி ஓட்டும் என் மாமன் மகனைக் கூட்டிக்கொண்டு வாடகைக் கடைக்கே போனேன்.

பெட்டி கடைக்குள் இருந்தது. கண்ணாடி மூடி துடைத்துப் பளபளவென்று. காலியாக. அவர் எழுந்து நின்றார். தன் நாற்காலியை எனக்குப் போட்டார். டீ சொன்னார்.

"சேரு தாரேன் சார், பந்தல் தாரேன், ஜெனரேட்டருக்குக் காசே வேணாம். பெட்டிய மட்டும் கேக்காதீங்க. எனக்கொண்ணும் இல்ல. நாளப்பின்ன ஊருக்குள்ள ஒரு சாவு விழுந்தா, இதுல கடைசியா யாரு படுத்ததுன்னு கேப்பாக."

"யாருண்ணே கேப்பா? படுக்கப்போறவனா?" என்றான் மாமன் மகன். "எந்திரிச்சு உக்காந்து கேப்பானோ?"

"விளையாடாத மாப்ள. எம் பொழப்பு இது."

"ஆயா கையால தின்ன முட்டைய மட்டும் தனியாவா வச்சிருக்கீக வயித்துல?"

அவர் கண் கலங்கித்தான் நின்றார். அந்தக் கண்ணீர்தான் எனக்குச் சகிக்கவில்லை. கல்நெஞ்சுக்காரனாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டு வந்திருப்பேன். அழுதுகொண்டே மறுக்கிறவனை என்ன செய்வது? டீ அப்படியே ஆறிக் கிடந்தது. வந்துவிட்டோம்.

ஐஸ் கம்பெனியில் பார் பாராக வாங்கி, சாக்கில் சுற்றி, கட்டிலுக்கு அடியிலும் அம்மாவின் விலாவிலும் அடுக்கினோம். விடியவிடிய அது உருகி வாசல்வரை ஓடியது. பெண்கள் ஒப்பாரிக்கு நடுவே தண்ணீரைக் கூட்டித் தள்ளினார்கள். மறுநாள் உச்சிவெயிலில் புதிதாய்க் கொண்டுவந்த ஐஸ் இறக்குவதற்குள் பாதியாகியிருந்தது. மத்தியானத்துக்குமேல் அம்மாவின் முகம் அம்மாவுடையதாக இல்லை. உதடு உப்பியது. கண் பிதுங்கியது. பெரியவர்கள் ஒரு வெள்ளைத் துணியை எடுத்து முகத்தை மூடினார்கள். நான் தடுக்கவில்லை; தடுத்து என்ன காட்டப்போகிறேன்.

தங்கச்சி வந்து இறங்கினாள். கூட்டம் விலகியது. நேரே தலைமாட்டுக்கு வந்து துணியின் நுனியைப் பிடித்தாள்.

"வேணாம்த்தா" என்றேன்.

"நான் பாக்காத பொணமாண்ணே?"

துணியை அரை விரல் அகலம் தூக்கியிருப்பாள். வாடை வந்தது. அவள் நர்ஸ், அதற்குமேல் அவளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நுனியை மெதுவாகத் திரும்ப விட்டாள், அடுக்கிவைப்பதுபோல. கால்மாட்டுக்குப் போய், ஐஸ் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்த பாதங்களைக் கட்டிக்கொண்டாள்.

"இம்புட்டுப் பெரிய ஊர்ல ஒரு பெட்டி கிடைக்கலையாண்ணே?"

"இருந்துச்சு. தரல."

அவள் யார், ஏன் என்று கேட்கவில்லை. அந்தக் கேள்விகள் தேவைப்படாத ஊரில்தான் இருவரும் பிறந்திருந்தோம்.

கருமாதி முடிந்து அவள் மஸ்கட் திரும்பிய பிறகு, எங்கள் சொந்தக்கார வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ வந்தது. புத்தம் புதுப் பெட்டி, ஸ்டிக்கர்கூடக் கிழிக்காதது. அதே கடை. மாலை போட்டுச் சூடம் காட்டியிருந்தார்கள். கீழே கடைக்காரர் எழுதியிருந்ததை யாரோ அப்படியே அனுப்பியிருந்தார்கள்: நம்ம காலனிக்குன்னே தனியா புதுசு எடுத்திருக்கேன், ஆயாம்மா நெனப்பா, ஊர்ப் பெட்டிய விட இது ஒசத்தி.

வரிசையாகக் கட்டைவிரல்கள். வணக்கம் போடும் கைகள். "நல்லதுதான், இனி அலைய வேணாம்" என்று ஒரு சித்தப்பா. 'ஒசத்தி' என்ற சொல்லில் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் பெருமைகூடத் தெரிந்தது. நான் தட்டச்சு செய்வதும் அழிப்பதுமாக உட்கார்ந்திருந்தேன்.

அதற்குள் தங்கச்சி எழுதிவிட்டாள்.

"எங்கம்மா மூஞ்சிய நான் பாக்கல."