பிரிஜட் எழுதிக்கொடுத்த சாவு

துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்த சுவிசேஷமுத்துவுக்குப் பெண்கள் மூன்று பேர். மூத்தவள் கன்னியர் மடத்துக்குப் போனாள். நடுவுள்ளவள் பினாங்கில் வாழ்க்கைப்பட்டாள். கடைக்குட்டிதான் பிரிஜட். தமிழ்ப் பள்ளியில் கடைசி வகுப்புவரை படித்தவள். அந்தப் படிப்பைத் தூக்கிக்கொண்டு எந்த ஆபீஸ் படியேறினாலும், "இங்கிலீஷ் தெரியுமா?" என்றுதான் கேட்டார்கள். கடைசியில் தையல் மெஷின்தான் கைகொடுத்தது. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் இருந்த அடுக்குமாடியில் குடியிருந்துகொண்டு பள்ளிச் சீருடை தைத்தாள்.

புருஷன் மரியஅந்தோணி கப்பல் பட்டறையில் வெல்டர். எழுபத்து மூன்றாம் வருஷம் சாரத்திலிருந்து விழுந்தான். தலையில் அடி. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். கண்ணைத் திறக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை, அப்படியே போய்விட்டான். மகள் ஜோசபினுக்கு அப்போது ஆறு வயது. சின்னப் பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். அதனால் அந்த இரண்டு நாளும் அவள் அத்தை பிலோமினம்மாள் வீட்டில் இருந்தாள்.

அளவு கொடுக்க வந்த ஒரு பிள்ளை, தமிழ்க் கட்டுரை எழுதத் தெரியவில்லை என்று ஒருநாள் அழுதது. பிரிஜட் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுப் பத்து வரி சொல்லிக் கொடுத்தாள். அடுத்த முறை சொல்லிக் கொடுக்க நேரமில்லை, எழுதியே கொடுத்துவிட்டாள். அப்புறம் அந்தப் பிள்ளையின் பெரியம்மா மகன் வந்தான், அவன் சிநேகிதன் வந்தான். கொஞ்ச காலத்தில் தைக்கக் கொடுக்கும் துணிப்பையிலேயே வீட்டுப்பாடமும் வர ஆரம்பித்தது. தைத்த சட்டை மேலே, எழுதிய கட்டுரை அடியில். கை நிறையக் காசு என்று சொல்ல முடியாது. ஆனாலும் அடுப்பு அணையவில்லை.

அந்தோணி செத்து மூன்று வருஷம் கழித்து, 'மறக்க முடியாத நாள்' என்ற தலைப்பு ஒன்று வந்தது. படிக்கிறவர் கண்ணில் தண்ணீர் வரவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பிரிஜட் ஆஸ்பத்திரியை எழுதினாள். ஆனால் அவள் எழுதிய அப்பா கண்ணைத் திறந்தார். பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டார். குளிர்ந்த கட்டைவிரலால் நெற்றியில் சிலுவை வரைந்து, "பயப்படாதே, நான் முன்னால் போய் விளக்கேற்றி வைக்கிறேன்" என்றார். எழுதும்போது அவளுக்கே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நடக்காததற்கு அழுகிறோமே என்றும் தோன்றியது.

அந்தக் கட்டுரைக்கு நல்ல மார்க். பேர் பரவிவிட்டது.

பிலோமினம்மாள் காதுக்கும் எட்டியது. பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் வைத்தே கேட்டாள்.

"செத்தவன வித்துத் திங்கிறியா, பிரிஜட்டு? அவன் வந்து கேப்பான், பாரு."

"இருக்கறப்பவே ஒண்ணும் கேக்காத மனுஷன், அண்ணி. இப்பவா கேக்கப்போறாரு?"

"சிரி, சிரி. சாவோட வெளையாடக் கூடாதுடி."

பிரிஜட் கேட்கவில்லை. நகல் ஒன்றைத் துணிக்கூடையில் போட்டு வைத்துக்கொண்டு, ஒரே கட்டுரையை ஐந்தாறு பேருக்குக் கொடுத்தாள். ஒரு பள்ளியில் ஒரு தமிழ்ப் பிள்ளை, இன்னொன்றில் இரண்டு. யார் யாருடைய தாளைப் பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியம்தான். மதத்துக்குத் தக்கபடி ஓர் இடத்தை மட்டும் மாற்றுவாள்.

எண்பத்து மூன்றில், வெங்காயக் கடை மருதப்பனின் மனைவி பூவம்மா படியேறி வந்தாள்.

"அக்கா, எங்க அழகப்பனுக்குத் தமிழ்ப் பேப்பரப் பார்த்தாலே ஜுரம் வந்திருது லா. அந்த அழுவாச்சிக் கட்டுரை இருக்காமே, அதக் குடுங்க. மனப்பாடம் பண்ணிருவான்."

"அதுல அப்பா செத்துருவாரு, பூவம்மா. உன் வீட்டுக்காரரு கடையில குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காரு."

"பேப்பர்லதானே சாவுறாரு? மார்க்கு வந்தா எந்திரிச்சிருவாரு!" பூவம்மா வயிறு குலுங்கச் சிரித்தாள். "சிலுவைய மட்டும் துந்நூறுனு மாத்திக் குடுங்க."

பிரிஜட் மாற்றிக் கொடுத்தாள்.

அந்தக் காலத்தில் தமிழ் வாத்தியார் இல்லாத பள்ளிப் பிள்ளைகளை எல்லாம் பிற்பகலில் ஒரே நிலையத்துக்கு வரச்சொல்லித் தமிழ் நடத்தினார்கள். இது பிரிஜட்டுக்குத் தெரியாததல்ல. ஜோசபினே பஸ் ஏறி அங்கே போகிறவள்தான். ஆனால் மகளுக்கு அவள் ஒருநாளும் எழுதிக் கொடுத்ததில்லை. என் பிள்ளை சொந்தமாக எழுதுகிறவள் என்று அவளுக்குப் பெருமை. அந்தப் பெருமையில், துணிப்பையில் போகும் கட்டுரைகளும் மகளின் வகுப்பும் ஒரே மேசையில் சந்திக்கும் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

வருஷக் கடைசித் தேர்வில் 'மறக்க முடியாத நாள்' வந்தது. இரண்டாம் நாளே நிலையத்துக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள்.

"அழகப்பன் தாளப் பார்த்து நான் காப்பி அடிச்சேன்றாங்கம்மா," என்று ஜோசபின் விம்மினாள். நர்ஸ் வேலைக்குப் போகவேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்த பெண். போகிற வழியெல்லாம் பிரிஜட் மனதில் ஒரே முடிவு: கட்டுரை எழுதிக் கொடுத்தது நான்தான், என் மகள்மேல் தப்பில்லை என்று சொல்லிவிடுவது. அவமானம் என்னோடு போகட்டும்.

வாத்தியார் சுந்தரம் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்.

"மருதப்பன் கடையில நேத்துதாம்மா வெங்காயம் வாங்கினேன். எனக்கு நிறுத்துப் போட்டதே அவருதான். மகன் அவர சாவடிச்சிருக்கான். அதுகூடப் பரவாயில்ல. இங்க பாருங்க, உங்க மகளும் அதையேதான் எழுதியிருக்கா. அங்க திருநீறு, இங்க சிலுவை. ரெண்டு பேருமே குத்தவாளின்னா ரெண்டு பள்ளிக்கும் எழுதிடுவேன். அப்புறம் ஓ லெவல் பரீட்சை எழுத விடுவாங்களோ என்னமோ."

பிரிஜட் மகளின் தாளை எடுத்துப் படித்தாள். கட்டைவிரல் வந்தது. குளிர் வந்தது. விளக்கேற்றி வைக்கிறேன் என்பதும் வந்தது.

"அழகப்பன் எப்படி எழுதினான்னு எனக்குத் தெரியாது சார்," என்றாள் ஜோசபின். "எனக்கு ஞாபகம் இருக்கு. அப்பா கை ஜில்லுனு இருந்துச்சு. இங்கதான் சிலுவை போட்டாரு." நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். "தெனமும் படுக்கறப்ப அத நெனச்சுப்பேன்."

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எந்த வயதில் படித்தாளோ, துணிக்கூடையில் கிடந்த நகலை எத்தனை தடவை படித்தாளோ! படித்தது எப்போது ஞாபகமாக மாறியது என்று அவளுக்கே தெரியாது.

"நீங்க சொல்லுங்கம்மா," என்றார் சுந்தரம். "நீங்களும் அங்க இருந்திருப்பீங்க. இது நடந்ததா?"

ஜோசபின் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

இல்லை என்றால் தேர்வு மட்டும் போகாது. நினைவில் வைத்துக்கொள்ள ஓர் அப்பா இருந்தான் அந்தப் பிள்ளைக்கு. அவனும் இந்த மேசையிலேயே செத்துப்போவான்.

"நடந்துச்சு சார்," என்றாள் பிரிஜட். "என் கண்ணால பார்த்தேன்."

"அப்ப அழகப்பன்?"

"எங்க வீட்டுக் கதை தெருவுக்கே தெரியும் சார். எங்கயாவது கேட்டு எழுதியிருப்பான்."

சுந்தரம் ஒரு தாளை எடுத்துத் தனியே வைத்தார். அழகப்பன் பெயர் அன்றைக்கே அவன் பள்ளிக்குப் போய்விட்டது.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. பூவம்மா இன்றைக்கோ நாளைக்கோ படியேறி வருவாள், கதவைத் திறந்தால் என்ன சொல்வது என்று பிரிஜட் நினைத்துக்கொண்டிருந்தாள். ஜோசபின் நகர்ந்து வந்து அவள் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"இத்தன வருஷமா ஏம்மா நீ அப்பாவப் பத்திப் பேசவே இல்ல? எனக்கு மட்டுந்தான் ஞாபகம் இருக்குன்னு நெனச்சேன்."

பிரிஜட் கையிலிருந்த பஸ் டிக்கெட்டை மடித்தாள்.

"விளக்கேத்தி வைக்கிறேன்னாரே, அதுக்கப்புறம் என்னம்மா சொன்னாரு? அதோட எனக்கு மறந்துபோச்சு. அத்தைகிட்டக் கேக்கட்டுமா?"

"வேணாம்!"

குரல் ஓங்கியதில் முன்னால் இருந்த கிழவர் திரும்பிப் பார்த்தார்.

"அத்தைக்கு ஒண்ணும் தெரியாது," என்றாள் பிரிஜட், குரலைத் தாழ்த்தி. "நான் சொல்றேன். இரு."

சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, முதல் வரியை யோசிக்க ஆரம்பித்தாள்.