வாடகைக்கு விடாத ஆறு மணி நேரம்

இது நடந்தது. நம்புகிறவர்கள் நம்பட்டும். நான் ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை. சிலவற்றைக் குறைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

பேய் என்றால் எல்லோரும் நடுநிசியைத்தான் சொல்வார்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில். ஆகஸ்ட் 23, சனிக்கிழமை, மதியம் 3.05 மணிக்கு. எங்கள் தீவு முழுவதும் ஜன்னல்களை அடைத்துக்கொண்டு தூங்கும் நேரம் அது. தெருவில் ஒரு பூனைகூட நடக்காது.

விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வீடு விடும் தொழிலில் சனிக்கிழமை தனி நாள். பழைய விருந்தாளிகள் காலை 11 மணிக்குச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். புதியவர்கள் 5.20 கப்பலில் வருவார்கள். இடையில் ஆறு மணி இருபது நிமிடம். அதற்குள் விரிப்பு மாற்ற வேண்டும், குளியலறை தேய்க்க வேண்டும், மேஜையில் ஒரு கிண்ணம் அத்திப்பழம் வைக்க வேண்டும். வாரம் முழுவதும் அந்த வீடு யாருக்காவது சொந்தம். அந்த ஆறு மணி நேரம் மட்டும் யாருக்கும் சொந்தமில்லை.

அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

அது கலிரோயம்மாவின் வீடு. துறைமுகத்துக்கு மேலே, நூற்றுப் பதினோரு படி ஏறினால் வரும். கணவர் கப்பலோடு போனவர், திரும்பவில்லை. பிள்ளைகள் கிடையாது. என் சித்தப்பா பாண்டெலிஸ் அந்த வீட்டைத் தன் பெயருக்கு எழுதி வாங்கினார். பதிலுக்கு அவளைச் சாகும்வரை பார்த்துக்கொள்வதாகவும், கடல் பார்த்த அறை சாகும்வரை அவளுக்கே என்றும் பத்திரத்தில் இருந்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளை இல்லாதவர்கள் இப்படி எழுதிக் கொடுப்பது வழக்கம்தான்.

நான் அர்கிரோ. சித்தியின் அக்கா மகள். வகுப்பில் எழுந்து நின்றால் எனக்குப் பேச்சு வராது. பதினைந்து வயதில் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினேன். "பேச்சு வராட்டி என்ன, படுக்கை விரிக்கப் பேச்சு எதுக்கு?" என்று சொல்லிச் சித்தப்பாதான் என்னை வேலைக்கு அழைத்து வந்தார்.

நான் வந்த இரண்டாவது கோடையில் சித்தப்பா கலிரோயம்மாவைக் கீழறைக்கு மாற்றினார். "ஆகஸ்ட் மாசம் மட்டும்தான்" என்றார். கடல் அறையைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். கீழறை என்பது அந்தக் காலத்தில் ஆடு கட்டிய இடம். பின் சந்துப் பக்கம் ஒரு கதவு, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காற்றுத் துளை. கூரைதான் கடல் அறையின் தரை.

அந்த ஆகஸ்ட் முடியவே இல்லை. குளிர்காலத்திலும் அவள் கீழேதான் இருந்தாள்.

அவளுக்கு முழங்கால் போய்விட்டது. தண்ணீர் வேண்டுமென்றால் துடைப்பக் கட்டையால் கூரையை மூன்று முறை தட்டுவாள். மெதுவாக.

டொக்... டொக்... டொக்.

நான் குடத்தோடு இறங்கிப் போவேன்.

"எவடி மேல? குதிரையா?" என்பாள்.

"ஜெர்மன்காரங்க, கலிரோயம்மா."

"செருப்பக் கழட்டச் சொல்லு. என் தலைமேல நடக்கறதுக்குப் பாண்டெலிஸ் ரசீது வேற குடுக்கறானாம்!"

என்னோடு சண்டை போடாத ஒரே ஆள் அவள்தான். நான் பேசாமல் இருந்தால் அவளும் பேசாமல் இருப்பாள். அது எனக்குப் பிடிக்கும். ஒரு நாள் துடைப்பத்தைத் தலைகீழாகக் கதவுக்குப் பின்னால் நிறுத்தி, அதன் முனையில் உப்புத் தூவச் சொன்னாள். வேண்டாத விருந்தாளி கிளம்பிப் போவதற்கு இங்கே எல்லா வீட்டிலும் செய்வதுதான்.

"அவங்க வாடகை குடுத்துட்டு வந்தவங்க, போகமாட்டாங்க" என்றேன்.

"அவங்களுக்கு இல்லடி. பாண்டெலிசுக்கு." பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள். "சாகும்வரை அந்த அறை என்னோடதுன்னு எழுதினது அவன். நான் அப்படி எழுதலையே."

அடுத்த வருடம் ஆகஸ்ட் மூன்றாவது வாரம். வீடு நிறைந்திருந்தது. சித்தப்பா என்னைக் கூப்பிட்டார்.

"நீ குடத்தோட போறதும் வர்றதும் அவங்களுக்கு அசிங்கமா இருக்காம். இந்த வாரம் கிழவிய நான் பாத்துக்கறேன். நீ கீழ போகாத."

நான் தலையாட்டினேன். எனக்குத் தலையாட்டத்தான் தெரியும்.

சனிக்கிழமை, ஆகஸ்ட் 24. விருந்தாளிகள் போய்விட்டார்கள். நான் கடல் அறையில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். சித்தப்பா விளக்கு மாட்டிக்கொண்டிருந்தார். 3.05-க்குக் கேட்டது.

டொக்... டொக்... டொக்.

நான் வாசல்வரை போனேன்.

"எங்க?"

"தண்ணி..."

"இப்பத்தான் குடுத்தேன். பொழுது போகலைன்னா தட்டுவா. ரேடியோவக் கூட்டு. முதல்ல படுக்கை."

ரேடியோவைக் கூட்டினேன். படுக்கையை விரித்தேன். தட்டல் 3.40 வரை கேட்டது. நடுவில் ஒருமுறைகூட வேகமாகவில்லை. அதே மெதுவான மூன்று. பிறகு இரண்டு. பிறகு ஒன்று.

மாலை 6.15-க்கு, சித்தப்பா துறைமுகத்தில் இருந்தபோது, அவருக்குத் தெரியாமல் இறங்கிப் போனேன்.

கலிரோயம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் செத்துக் கிடந்தாள். கையில் துடைப்பம். குடத்தைத் தூக்கினேன். அடியில் ஒரு செத்த பூச்சி, காய்ந்து ஒட்டியிருந்தது.

அன்று மாதாகோவிலில் சாவு மணி அடிக்கவில்லை. மேலே புது விருந்தாளிகள் மீன் சுட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம், ஊர் தூங்கும்போது, பின் சந்து வழியாகத் தூக்கிப் போனார்கள். இறந்தவர் அறையில் நாற்பது நாள் விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை. வீட்டில் இருக்கும் தண்ணீரைக் கொட்ட வேண்டும். அவள் அறையில் கொட்டுவதற்குத் தண்ணீர் இல்லை.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஒன்று மட்டும் மனதில் இறங்கிவிட்டது. அன்று அவள் தட்டியதைக் கேட்டவர்கள் இரண்டு பேர்.

அதற்கடுத்த கோடையில், ஜூன் மாதம், அது தொடங்கியது. சனிக்கிழமைகளில் மட்டும்.

முதல் சனிக்கிழமை, கடல் அறையில் தலையணை ஜன்னல் பக்கம் மாறியிருந்தது. நான்தான் மறந்திருப்பேன் என்று நினைத்தேன். இரண்டாவது சனிக்கிழமை, துடைத்த மேஜைமேல் ஈர வட்டம். தண்ணீர்த் தம்ளர் வைத்து எடுத்தது போல. மூன்றாவது சனிக்கிழமை, துடைப்பம் கதவுக்குப் பின்னால் தலைகீழாக நின்றது.

முனையில் உப்பு.

நேராக்கி வைத்தேன். குளியலறைக்குப் போய்த் திரும்பினேன். மறுபடி தலைகீழாக. நேராக்க நேராக்க அப்படியே. ஒரு பிரெஞ்சு அம்மாள் வந்து இறங்கியதும் அதைப் படம் பிடித்துக்கொண்டாள். தீவின் அலங்காரம் என்று நினைத்திருப்பாள்.

ஜூலையில் தட்டல் வந்தது. 3.05-க்கு. கீழறையில் கிழிந்த கடற்கரைச் சாய்கட்டில்களும் காலியான எரிவாயு உருளைகளும்தான் இருந்தன. நான் குடத்தோடு ஓடினேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே யாருமில்லை. தண்ணீரைத் தரையில் வைத்துவிட்டு வந்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் வைத்தேன். ஒருமுறைகூடத் தண்ணீர் குறையவில்லை.

அவளுக்கு வேண்டியது தண்ணீர் இல்லை.

சித்தப்பாவிடம் சொன்னேன். ஒரு வாரம் யோசித்து, மூன்று வார்த்தை சேர்த்துச் சொன்னேன். "கீழ தட்றாங்க, சித்தப்பா."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு இல்லை. மறுநாள்தான் சிரித்தார்.

ஆகஸ்ட் 23. அவள் போய் ஒரு வருடம் முடியும் சனிக்கிழமை. வருட நினைவுக்குக் கோதுமை அவிக்கவில்லை, பாதிரியாரைக் கூப்பிடவில்லை. மதியம் 2.30-க்குச் சித்தப்பா படியேறி வந்தார். கையில் ஐஸ் போட்ட காபி. என் முன்னால்தான் உறிஞ்சி முடித்தார்.

"எங்க உன் பேயி?"

"மூணு அஞ்சுக்கு."

"கடிகாரம் கட்டியிருக்காளா கிழவி?" சத்தமாகச் சிரித்தார். "குழாய் அடிக்குது, பைத்தியம். துணி சுத்தினா நின்னுடும். நான் போய்ச் சுத்திட்டு வரேன்."

"போகாதீங்க, சித்தப்பா."

"அட, வாய் தொறந்துட்டாளே! இந்த வருஷத்துக்கு இது போதும்." குளிர்பெட்டியிலிருந்து பெரிய தண்ணீர்ப் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டார். ஒட்டடை அடிக்கத் துடைப்பத்தையும் எடுத்தார். வாசலில் நின்று விரலை நீட்டிச் சொன்னார். "கேளு. நான் கீழ இடிச்சுக்கிட்டுதான் இருப்பேன். நீ பாட்டுக்கு ரேடியோவக் கூட்டிக்க. இறங்கி வராத. முதல்ல படுக்கை. புரிஞ்சுதா?"

தலையாட்டினேன்.

2.50. கடல் அறையில் புது விரிப்பை உதறினேன்.

3.00. நான்கு மூலையையும் மடித்துச் செருகினேன். கையால் நீவினேன். ஒரு சுருக்கம் இல்லை.

3.05. காத்திருந்தேன்.

தட்டல் வரவில்லை.

ஜூலையிலிருந்து முதல் முறையாக வரவில்லை. குழாய்தானோ? மூச்சு வந்தது. அடுத்த தலையணை உறையை எடுக்கத் திரும்பினேன்.

பின்னால் கட்டில் கிறீச்சிட்டது.

மெதுவாக. முழங்கால் போன ஒருவர் கையை ஊன்றி உட்காருவது போல...

திரும்பினேன். ஜன்னல் பக்கம், நான் நீவிய விரிப்பில், ஒரு குழி. ஆள் உட்கார்ந்த குழி. பக்கத்தில் ஐந்து விரல் ஊன்றிய பள்ளம்.

ஜன்னல் கதவு தானாக ஒரு சாண் திறந்தது. கடல் தெரிந்தது.

கலிரோயம்மா வந்துவிட்டாள். தன் அறைக்கு. தன் கட்டிலுக்கு.

அப்போதுதான் கீழே தொடங்கியது.

தொம். தொம் தொம் தொம்.

கட்டை இல்லை. முஷ்டி. வேகமாக. நேராக என் காலுக்கு அடியில்.

அவள் இங்கே இருக்கிறாள். அப்படியானால் கீழே...

தொம் தொம் தொம் தொம்.

வாசலைப் பார்த்தேன். நாலு எட்டு வைத்தால் வாசல். கால் ஒரு எட்டு வைத்தது.

"முதல்ல படுக்கை."

யார் சொன்னது? கிழட்டுக் குரல் போல இருந்தது. என் வாய்தான் சொன்னதோ என்னவோ.

3.12.

குழி அசையவில்லை. அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். தெரிந்தது.

உறையைத் தலையணையில் மாட்டினேன். கை நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் இன்றும் பயம்.

தொம் தொம்.

அடுத்த அறைக்குப் போனேன். தட்டலும் கூடவே வந்தது. என் காலுக்கு அடியில்.

"...கிரோ..."

ரேடியோவைக் கூட்டினேன்.

3.30.

தொம்.

3.36.

தொம்...

3.40.

ஒன்றுமில்லை.

கடல் அறைக்குத் திரும்பினேன். ஜன்னல் சாத்தியிருந்தது. விரிப்பு பளிங்குபோல இருந்தது. ஒரு சுருக்கம் இல்லை.

அப்புறம்தான் இறங்கிப் போனேன்.

கீழறைக் கதவு அகலமாகத் திறந்திருந்தது. வெயில் உள்ளே பாதித் தரைவரை விழுந்திருந்தது. அந்தக் கதவுக்குப் பூட்டு கிடையாது, தாழ்ப்பாளும் கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. திறந்த கதவுக்கும் செத்துக் கிடந்த சித்தப்பாவுக்கும் இடையே மூன்று அடி. முகம் வாசலைப் பார்த்திருந்தது. வலது முஷ்டியில் தோல் உரிந்து, கூரைச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. தண்ணீர்ப் பாட்டில் தலைமாட்டிலேயே நின்றது. மூடி திறக்கவில்லை. பாட்டிலின் வெளிப்புறம் குளிர்ந்து முத்து முத்தாகத் துளி.

கதவுக்குப் பின்னால் துடைப்பம். தலைகீழாக. உப்போடு.

தீவு டாக்டர் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார். சித்தி அழுதாள், ஊர் நம்பியது. அன்று மணி உடனே அடித்தது. புதிதாக வந்தவர்களை வேறு வீட்டுக்கு அனுப்பினோம்.

அடுத்த மாதம் டாக்டர் தனியாக என்னைத் தேடி வந்தார். நன்றாகக் குடித்திருந்தார். வாசற்படியில் உட்கார்ந்து தொப்பியைத் திருகிக்கொண்டே கேட்டார்.

"அர்கிரோ, உங்க சித்தப்பா அன்னிக்கு எத்தனை மணிக்குக் கீழ போனாரு?"

"ரெண்டே முக்காலுக்கு."

"அதுக்கு முன்னாடி?"

"இங்கதான் இருந்தாரு. காபி குடிச்சாரு."

அவர் தொப்பியைப் படியில் வைத்தார்.

"நாக்கு செருப்புத்தோல் மாதிரி இருந்துச்சும்மா. கண்ணு உள்ள போயிடுச்சு. வயித்துல ஒரு சொட்டு ஈரமில்ல. மூணு நாள் தண்ணியில்லாமக் கிடந்த உடம்பு அது. எனக்குத் தெரியும். அதே மாதிரி ஒண்ண போன வருஷம் இதே அறையில பாத்துட்டு, உங்க சித்தப்பா சொன்னாருன்னு வயசான சாவுன்னு எழுதினேன்."

எழுந்து போய்விட்டார். இலையுதிர் காலம் முடிவதற்குள் மாற்றல் வாங்கிக்கொண்டு தீவைவிட்டே போனார்.

இப்போது வீட்டை நடத்துவது நானும் சித்தியும். கடல் அறையை யாருக்கும் விடுவதில்லை. அதற்கு விரிப்பு மட்டும் சனிக்கிழமை தோறும் மாற்றுகிறேன். விளக்கு எரிகிறது. மற்ற அறைகளில் விருந்தாளிகள் நன்றாகத் தூங்குகிறார்கள், திரும்பவும் வருகிறார்கள். துடைப்பம் நேராகவே நிற்கிறது.

ஆனால் சனிக்கிழமை 3.05 ஆனால், கீழே இன்னும் கேட்கிறது. வேகமாக. முஷ்டியால். நான் எந்த அறைக்குப் போனாலும் காலுக்கு அடியில்.

போன சனிக்கிழமையும் கேட்டது.

ரேடியோவைக் கூட்டினேன்.