ஆயுத பூஜைக்குக் கழுவிய ஃபில்டர்

விஜயதசமி அன்று மாலை நாலு பத்துக்கு மீன்கள் மணல் தின்பதை நிறுத்தின. நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போதுதான் டீ டம்ளரோடு தொட்டிக்கு முன்னால் வந்து உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். மகள் சேலத்தில் கல்லூரி விடுதியை விட்டுக் கிளம்பியிருப்பாளா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் பள்ளி விட்டு வந்து அந்த நேரமானால் என் கால் தானாகத் தொட்டிப் பக்கம் போகிறது. மீன்கள் மெல்லுவதைப் பார்த்த பிறகுதான் மற்ற வேலை ஓடுகிறது.

நாமக்கல்லில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஐந்தடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் பெரிய மீன்கள் தென் அமெரிக்க ஆறுகளைச் சேர்ந்த சிக்லிட் வகை. கடையில் எர்த் ஈட்டர் என்று சொல்லி விற்கிறார்கள். என் கணவருக்கு அவை மண்ணுதின்னி. மங்கிய பச்சை உடம்பு, அதில் நீலப் பொட்டு வரிசைகள், தலையில் கொஞ்சம் சிவப்பு. நாள் முழுக்க அவற்றுக்கு ஒரே வேலைதான். மூக்கை மணலில் குத்தி ஒரு வாய் அள்ளும். பொறுமையாக மெல்லும். தின்ன ஏதாவது அகப்பட்டால் வைத்துக்கொண்டு, மிச்ச மணலைச் செவுள் வழியாகப் புகைபோல விடும். பிறகு இரண்டு அங்குலம் நகர்ந்து அடுத்த வாய். கூடவே டெட்ரா என்ற குட்டி மீன்கள் ஒரு கூட்டம் மேலே சுற்றிக்கொண்டிருக்கும். அடியில் மீசை வைத்த சிறு மீன்கள் இவை கிளறிவிட்ட இடத்தில் மிச்சம் பொறுக்கும். ஒன்றை ஒன்று துரத்துவதில்லை. விடைத்தாள் திருத்திக் கண் எரியும் நாட்களில் அதன் முன்னால் உட்கார்ந்தால் போதும், எனக்கே யாரோ தோளை அமுக்கிவிட்டதுபோல இருக்கும்.

அன்று அவை எல்லாம் மேலே வந்து, ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. செவுள்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. பெண் மீனின் வாயில் அந்த வாரம் குஞ்சுகள் இருந்தன. பொரிந்த குஞ்சுகளைத் தாயும் தகப்பனும் மாற்றி மாற்றி வாயில் வைத்துக் காப்பாற்றும் இனம் இது. கொஞ்சம் மேயவிட்டு, நிழலாடினால் உடனே வாய்க்குள் இழுத்துக்கொள்ளும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் வாயைத் திறந்தாள். குஞ்சுகள் சிதறின. அவள் திரும்பி அவற்றைப் பார்க்கவேயில்லை.

நான் பயந்தது மீனுக்காக மட்டும் இல்லை. அதைச் சொல்ல வேண்டுமென்றால் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் அவள் ஒரு நுழைவுத் தேர்வுக்காக ஒரு வருடம் விடுதியில் தங்கிப் படித்தாள். மதிப்பெண் போதவில்லை. வீட்டுக்கு வந்தவள் பேச்சை விட்டுவிட்டாள். கேட்டால் 'ம்', 'வேண்டாம்', 'தெரியல'. அவள் அறைக் கதவுக்கு வெளியே நின்று உள்ளே மின்விசிறி ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே எத்தனையோ மதியங்களைக் கழித்திருக்கிறேன். என் கணவர் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். பெயின்ட் வாங்க சேலம் போகும்போது ஒருநாள் அவளையும் கட்டாயப்படுத்தி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அவர் கடையில் நின்றிருந்த நேரத்தில் அவள் பக்கத்தில் இருந்த மீன் கடைக்குள் போயிருக்கிறாள். திரும்பி வரும் வழியில், மல்லூர் தாண்டியதும், அவளாகவே வாயைத் திறந்து, நைசான ஆத்து மணல் எங்கே கிடைக்கும் என்று அப்பாவிடம் கேட்டாள். சரளைக் கல் போட்டால் அந்த மீனுக்குச் செவுள் கிழிந்துவிடுமாம். பல மாதங்களுக்குப் பிறகு அவள் பேசிய முழு வாக்கியம் அது. அவர் மோகனூரில் வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு தெரிந்தவரிடம் கேட்டு அரை மூட்டை மணல் கொண்டுவந்தார். என் மாவுச் சல்லடையில் அதைச் சலித்தார்கள். சல்லடை போனது. பெண் வந்துவிட்டாள்.

பிறகு அவள் சேலத்தில் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். தொட்டி என் பொறுப்புக்கு வந்தது. தினமும் போன் செய்து, சாப்பிட்டியா என்று நான் கேட்பதற்குள், "என்ன பண்றாங்க?" என்பாள். நான் தொட்டியைப் பார்த்துப் பார்த்துச் சொல்வேன். அதுதான் எங்கள் பேச்சு. இந்த முறை குஞ்சுகளைப் பார்ப்பதற்காகவே வருகிறாள். பூஜைக்கு வர முடியாமல் ஏதோ செய்முறைத் தேர்வு தடுத்துவிட்டது. தொட்டியில் ஏதாவது ஆனால் அந்தக் கதவு மறுபடியும் சாத்திக்கொள்ளும் என்று என் மனம் சொன்னது.

போன் செய்தேன். விடுதி வாசலில் இருந்தாள். நான் மீன்கள் நிற்பதைச் சொன்னதும் ஃபில்டர் ஓடுகிறதா என்று கேட்டாள்.

"நல்லா ஓடுது கண்ணு. அப்பா பூஜைக்குச் சுத்தமாக் கழுவி வெச்சிருக்காரு."

அந்தப் பக்கம் பேச்சில்லை. எனக்கு அந்த மௌனம் பழக்கமானது.

எங்கள் ஊரில் ஆயுத பூஜைக்குக் கழுவாமல் விடப்படும் இயந்திரம் எதுவும் இல்லை. லாரி, வெல்டிங் செட், கம்ப்ரெசர் எல்லாம் முடித்த பிறகு என் கணவர் வீட்டுக்கு வருவார். கிரைண்டர், மிக்சி, தையல் மெஷின், என் ஸ்கூட்டர். மோட்டார் இருந்தால் அது குளித்தாக வேண்டும், பொட்டு வைத்துக்கொண்டாக வேண்டும். முந்தின வருடம் வரை மகள் தொட்டிப் பக்கம் யாரையும் அண்டவிடவில்லை. இந்த வருடம் அவள் இல்லை. தொட்டிக்குக் கீழே இருந்த ஃபில்டர் டப்பாவைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய், லாரிக்குத் தண்ணீர் பீய்ச்சும் கன்னை அதன் பஞ்சின் மேல் வைத்து அடித்திருக்கிறார். மக்கிய சாணி நிறத்தில் இருந்த பஞ்சு இட்லித் துணிபோல வெளுத்து, மதில்மேல் வெயிலில் காய்ந்தது. மூடிமேல் சந்தனமும் குங்குமமும் வைத்தார். நான் பார்த்துவிட்டு, இவ்வளவு அழுக்கா இதில் இருந்தது என்று அவரைப் பாராட்டினேன். ஒன்பதாம் வகுப்புக்கு நைட்ரஜன் சுழற்சிப் படத்தை வருடாவருடம் கரும்பலகையில் வரைகிறவள் நான். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்று தீர்க்கும் பாக்டீரியாக்கள் அந்த அழுக்கில்தான் குடியிருந்தன என்பது மகள் போனில் மௌனமானபோதுதான் உறைத்தது. மீன்கள் தங்கள் கழிவிலேயே மூச்சுத் திணறிக்கொண்டிருந்தன.

மகள் பேசினாள். குரல் தட்டையாக இருந்தது. "மூணுல ஒரு பங்கு தண்ணிய எடுத்துட்டு புதுசு ஊத்துங்கம்மா. டிரம்ல பிடிச்சு வெச்சிருக்கிற தண்ணி. பைப்புத் தண்ணி வேண்டாம், பிளீச்சிங் இருக்கும். தீனி போடாதீங்க. நான் வாரேன்." அவ்வளவுதான். பிறகு கூப்பிட்டபோது எடுக்கவில்லை.

டிரம்மைத் திறந்தேன். அடியில் ஒரு சொம்பு தண்ணீர் கிடந்தது. மிச்சமெல்லாம் பூஜைக்கு வாசல் கழுவப் போயிருந்தது.

பட்டறையிலிருந்து கணவரை வரச் சொன்னேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் தொட்டிக்கு அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். ஒரு டெட்ரா செத்து மிதந்தது. ஃபில்டர் மூடியில் இருந்த பொட்டைக் கட்டைவிரலால் துடைத்தார்.

"நல்லதுக்குத்தானே அம்மிணி பண்ணேன்."

"நானும் நல்லாருக்குதுன்னுதானுங்களே சொன்னேன்."

அதற்குமேல் எங்களுக்குள் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. போர் தண்ணீர் கடும் உப்பு. எதிர்வீட்டு நிலத்தடி சம்ப்பில் காவிரித் தண்ணீர் நாலைந்து நாளாகத் தேங்கியிருக்கும், பிளீச்சிங் போயிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அவர் இரண்டு குடங்களை எடுத்துக்கொண்டு போனார். அந்த வீட்டுக்கார அம்மாள் சம்ப்பு மூடியைத் திறந்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஏனுங்க, உங்கூட்டு மீனு போர் தண்ணி குடிக்காதுங்களா? என்ற மாமியா அதைத்தான் குடிக்குது."

என் கணவர் சிரிக்க முயன்றார். அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் பங்குக்கு ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் டியூபை வாயால் உறிஞ்சிப் பழைய தண்ணீரை வெளியேற்றினேன். புதுத் தண்ணீரை அவர்கள் குடம் குடமாகக் கொண்டுவந்து, மணல் கலங்காமல் ஒரு தட்டின்மேல் மெதுவாக விட்டார்கள். முடித்தபோது தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது. மீன்களின் செவுள் கொஞ்சம் நிதானப்பட்டதுபோலத் தெரிந்தது. எனக்குத்தான் அப்படித் தெரிகிறதோ என்றும் இருந்தது. ஆண் மீன் கீழே இறங்கிப் போய்ச் சிதறிக் கிடந்த குஞ்சுகளில் சிலவற்றை வாயில் எடுத்துக்கொண்டது. பாதிக்குமேல் காணவில்லை. இன்னொரு டெட்ராவும் போய்விட்டது.

சேலத்திலிருந்து வருவதற்கு ஒரு மணி நேரம் போதும். அதற்குமேல் ஆகியும் அவள் வரவில்லை. என் கணவர் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தார். நான் அவளிடம் என்ன சொல்வது என்று வாக்கியங்களை மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தேன். உட்கார இருவருக்கும் தோன்றவில்லை.

ஆட்டோ வந்து நின்றது. தோளில் பையும் கையில் முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் கவருமாக இறங்கினாள். கவரில் சேறுபோன்ற தண்ணீரில் ஒரு அழுக்குப் பஞ்சு கிடந்தது. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் கூடப் படிக்கும் பெண் வீட்டில் பெரிய தொட்டி இருக்கிறதாம். அங்கே போய், ஓடிக்கொண்டிருக்கும் ஃபில்டரிலிருந்து பாக்டீரியாவோடு ஒரு பஞ்சை வாங்கி வந்திருக்கிறாள். வழியெல்லாம் கவரை மடியிலேயே வைத்திருந்ததால் போனை எடுக்க முடியவில்லை என்றாள்.

ஃபில்டர் டப்பாவைத் திறக்கும்வரை கவரை அப்பாவிடம் கொடுத்தாள்.

"இதக் கையில மட்டும் வெச்சிருங்கப்பா. கழுவிப்போடாதீங்க."

அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவள் அந்தப் பஞ்சை வெள்ளைப் பஞ்சுகளுக்கு நடுவே செருகி மூடினாள். தொட்டியில் கொஞ்சம் பழுப்பு கலங்கியது. மண்டியிட்டு, கண்ணாடியில் நெற்றி படும்படி ஒவ்வொரு மீனாகப் பார்த்தாள். செத்த டெட்ராக்களை வைத்திருந்த கிண்ணத்தையும் பார்த்தாள். பிழைக்குமா என்று நான் கேட்டேன். நாளைக்குத் தெரியும் என்றாள். நாங்கள் அவள் முதுகைப் பார்த்தபடியே நின்றோம். அவள் எழுந்து திரும்பினாள். மீனைப் பார்த்ததுபோலவே எங்கள் இருவர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"செத்துப்போச்சுன்னா அழுவேனுங்கம்மா," என்றாள். "அழுதுட்டு, திங்கக்கெழம காலேஜுக்குப் போயிருவேன். நீங்க ரெண்டு பேரும் மொதல்ல உக்காருங்க."