லாபம், ரெண்டு, மூணு

என் மகளுக்கு எண் சொல்லிக் கொடுத்தது நான்தான். அதை ஆடிப் பாடிச் சொல்லிக் கொடுத்தேன் என்பதுதான் இந்த வீட்டில் என் மேல் உள்ள குற்றம்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மெர்டேக்காவுக்கு அடுத்த ஜனவரியில் அவளைத் தமிழ்ப்பள்ளியில் சேர்க்க வேண்டியிருந்தது. என் கணவருக்கு காஜா பெராங்கில் மளிகைக் கடை. கடைக்குப் பின்னால் வீடு. கணவரை இழந்த அவருடைய அக்காவும் எங்களோடு இருந்தார். வீட்டில் அவர் சொன்னதுதான் சட்டம். எனக்கு ஒரு கைக்குழந்தையும் இருந்தது. அதற்குத் தொட்டில் ஆட்ட ஆள் வேண்டும், அதனால் மகள் இன்னும் ஒரு வருடம் வீட்டில் இருக்கட்டும் என்றார் அவர். நான் முடியாது என்றேன். "பள்ளிக்கூடத்துல எண்ணச் சொல்லுவாங்க. சரியா எண்ணினா சேரட்டும், இல்லன்னா அடுத்த வருஷம்," என்று கணவர் நடுவில் நின்று தீர்ப்புச் சொன்னார். அவர் எப்போதும் நடுவில்தான் நிற்பார்.

மகள் இருபது வரை கடகடவென்று ஒப்பிப்பாள். மூன்று வெங்காயம் எடுத்து வா என்றால் இரண்டு கை நிறைய அள்ளி வருவாள். ஏழாம் வகுப்பு வரை படித்தவள் பெற்ற பிள்ளை இப்படி என்றால் பேச்சு யாருக்கு வரும்?

ஒரு நாள் கணவர் கடையில் அரிசி அளந்துகொண்டிருந்தார். அளக்கும்போது முதல் படியை 'ஒன்று' என்று சொல்ல மாட்டார். 'லாபம்' என்று ராகம் இழுத்துத் தொடங்குவார். அந்த ராகத்துக்கு மகள் படிக்கு ஒரு குதி குதித்துக்கொண்டிருந்தாள். ஒரு படி கூடவில்லை, குறையவில்லை. நான் அதையே பிடித்துக்கொண்டேன்.

"லாபம் ஒரு காலு, ரெண்டு மறு காலு, மூணு முன்னால வா, நாலு பின்னால போ..."

எண்ணுக்கு ஓர் அடி. ஐந்துக்குக் கைதட்டல், பத்துக்கு ஒரு சுற்று. சமையலறையில் இருவரும் ஆடினோம். பத்து நாளில் ஏழு வெங்காயம் கேட்டால் ஏழுதான் வந்தது. வாய் ஓடுகிற வேகத்தைக் கால் பிடித்து நிறுத்தியது என்று நினைக்கிறேன். சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

"நல்லா இருக்கு," என்றார் நாத்தனார். "தாயும் மவளும் கூத்துக் கட்டுறீங்க. கடைக்கு வர்றவங்க காதுல விழாதா? குருபோங் ரப்பர் தோட்டத்துல உன்னை இப்படித்தான் வளத்தாங்களா?"

"அவ எண்ணிப் பழகுறா, அண்ணி."

"எண்ணுறதுக்கு வாய் போதும். காலு எதுக்கு?"

அவர் சொல்வது சரியோ என்று இரண்டு நாள் பாட்டை நிறுத்தினேன். வெங்காயம் மறுபடி கை நிறைய வந்தது. மீண்டும் ஆடினோம். பள்ளிக்கு 'லாபம்' சரிப்படாதே என்று அந்த இடத்தில் 'ஒண்ணு' என்று மாற்றிக் கொடுத்தேன். மகள் அதைக் கடையில் போய்ப் பாடிவிட்டாள். நாத்தனார் அவள் வாயிலேயே ஒன்று வைத்தார்.

"அரிசி மூட்டை முன்னால நின்னு ஒண்ணுங்கிறியா? கடை வெளங்குமா? லாபம்னு சொல்லு!"

அதற்குப் பிறகு அவள் 'ஒண்ணு' என்று சொல்லவே இல்லை. நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

பள்ளிக்கு நாத்தனாரும் துணைக்கு வந்தார். தலைமையாசிரியர் மேசைக்கு முன்னால் பெற்றோர் வரிசை. "ஒண்ணுலேருந்து எண்ணு பாப்பா," என்றார் அவர்.

மகள் தன் கால்களைப் பார்த்தாள். பிறகு அடி எடுத்து வைத்தாள். "லாபம், ரெண்டு, மூணு..."

வரிசை சிரித்தது. "ஐயாவுக்கு அரிசி அளந்து போடுது, பை கொண்டாங்க," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

தலைமையாசிரியர் சிரிக்கவில்லை. "ஏம்மா, ஒண்ணே தெரியாத பிள்ளையைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க. அடுத்த வருஷம் பாப்போம்."

"நானும் அதத்தான் சொன்னேங்கய்யா," என்று நாத்தனார் முந்திக்கொண்டார். "இவதான் வீட்டுல ஆட்டம் போட்டுப் பிள்ளையைக் கெடுத்துட்டா."

நான் மேசையருகே நகர்ந்தேன். "ஐயா, ஒண்ணுன்னு சொன்னதுக்கு வாயில அடிச்சது இவங்கதான். கடையில அந்தச் சொல்லு ஆகாதாம். பிள்ளைக்குச் சொல்லுதான் இல்ல, கணக்கு இருக்கு. மேசை மேல பெட்டியில இருக்கிற சாக்கட்டிய எண்ணி எடுக்கச் சொல்லிப் பாருங்க."

அவர் வேண்டாவெறுப்பாகப் பெட்டியைத் தள்ளினார். "எட்டு எடு."

அடிக்கு ஒரு சாக்கட்டி. எட்டாவது அடியில் நின்றுவிட்டாள்.

"அதுல மூணு எனக்குக் குடு. மிச்சம் எத்தனை?"

மூன்றைக் கொடுத்தாள். கையில் இருந்ததை ஒவ்வொன்றாக மேசையில் வைத்து அடி வைத்தாள். கடைசிச் சாக்கட்டிக்குக் கையைத் தட்டினாள். "அஞ்சு."

பெயரை எழுதிக்கொண்டார். "வகுப்புல இந்த ஆட்டமெல்லாம் கூடாது," என்றார். "சரிங்கய்யா," என்றேன். அப்படி உடனே ஒத்துக்கொண்டிருக்க வேண்டாமோ என்று இப்போதும் தோன்றுகிறது.

வெளியே வந்ததும் நாத்தனார் என் பக்கம் திரும்பினார். "நாலு பேர் முன்னால என் மானத்தை வாங்கிட்டே. இதை மறக்க மாட்டேன்."

"மறக்க வேணாம், அண்ணி," என்றேன். "நாளைக்கு இவ பள்ளிக்கூடம் போவா. தொட்டில நீங்க ஆட்டுங்க."

வீடு திரும்பிய திரிஷா ரிக்‌ஷாவில் அவர் ஒரு ஓரம், நான் ஒரு ஓரம். அந்த வாரம் முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. தொட்டிலை மட்டும் ஆட்டினார்.