காற்றுக்குத் தண்ணீர் ஊற்றிய கார்

கார் சூடானால் ஓனருக்குச் சூடேறும், ஓனருக்குச் சூடேறினால் மெக்கானிக்கின் காது பழுக்கும். எங்கள் தொழிலே இவ்வளவுதான். ஸ்பேனர் பிடித்து வயிறு வளர்க்கும் சகபாவிகளே, உங்களுக்குத் தெரியாததா?

நல்ல தண்ணி

தொண்ணூறுகளில் அருப்புக்கோட்டையில் நான் பட்டறை போட்ட புதிது. வாடகைக் கார் ஓட்டும் சவரிமுத்து அண்ணன் தன் அம்பாசடரில் பழைய டர்போ இன்ஜின் ஒன்றை ஏற்றியிருந்தார். டர்போ அமுக்கித் தள்ளும் காற்று கொதித்துப்போய், நாலு ஆள் ஏறினாலே வண்டி புகை கக்கிப் படுத்துவிடும். மே மாதம் அவர் மகளுக்குப் பரளச்சிப் பக்கத்து மாதா கோயிலில் கல்யாணம். "பொண்ணு இதுலதான் போகும். நடுவழியில நின்னுச்சு, ஒம் பட்டறை போர்டு எங்க வீட்டு அடுப்புக்கு வந்துரும் தம்பி" என்றார்.

அந்தக் காற்றைக் குளிர வைக்க இன்டர்கூலர் மாட்டினேன். டிக்கியில் வாயகன்ற தொட்டி, தண்ணீரைச் சுற்றிவிட ஒரு குட்டி மோட்டார், முகப்பில் சின்ன ரேடியேட்டர். போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு படிந்து குழாய் அடைத்துக்கொள்ளும். அதனால் அண்ணன் மனைவி லூர்து அக்காவிடம் ஒரு குடம் குடிதண்ணீர் கேட்டேன். அக்கா குடத்தை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை.

"மனுசருக்கே குடிக்கத் தண்ணியக் காணோம், இவுக காத்துக்கு ஊத்தக் கேக்குறாக!"

கண்மாய்க்கரையில்

எப்படியோ தண்ணீர் வாங்கி ஊற்றினால், மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் நகரவில்லை. குழாய்க்குள் காற்று அடைத்துக்கொண்டது. தொட்டி மேலே இருந்தால்தான் காற்று வெளியேறும். காரைக் கண்மாய்க்கரைச் சரிவில் மூக்கு கீழே, வால் மேலே என்று நிறுத்தினேன். தொட்டி ஏப்பம் விட ஆரம்பித்தது. எனக்குப் போன உயிர் திரும்பியது. ஆடு ஓட்டி வந்த பெரியவர் காரையும், வெடித்துக் கிடந்த கண்மாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தண்ணி குடிக்கவா பத்திட்டு வந்தீக? கம்மா வத்தி நாளாச்சு, திருப்பிக் கூட்டிட்டுப் போங்க."

கல்யாணக் கார்

கல்யாணத்தன்று வெயில் கொளுத்தியது. எதற்கும் இருக்கட்டும் என்று தொட்டியில் ஐஸ் கட்டிகளைப் போட்டேன். பெண்ணின் தாய்மாமன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் அந்தப் பக்கம் போனதும் கலர் சோடா பாட்டில்களைத் தொட்டிக்குள் இறக்கிவிட்டார்.

அண்ணன் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வண்டி அம்பாகப் பறந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் நிழல் தென்பட்ட இடமெல்லாம் பின்சீட்டிலிருந்து மாமனின் குரல் வந்தது: "மச்சான், ஓரங்கட்டுங்க!" கல்யாணத்தன்று தாய்மாமன் பேச்சைத் தட்டுபவன் உண்டா? நிறுத்தினால், பின்னால் வந்த வேனும் நிற்கும்; சொந்தம் மொத்தமும் டிக்கியை மொய்க்கும். மணப்பெண்ணும் ஒரு கலர் குடித்தாள்.

கோயில் வாசலில் பங்குச் சாமியார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் கோட்டு நனைந்து தொங்கியது. "வழியில வண்டி சூடாயிருச்சா?" என்று சாமியார் கேட்டதும் அண்ணன் என்னைக் கைகாட்டினார்.

"சூடானா ஒரு எடத்துலதான் சாமி நிக்கும். இந்தப் பாவி குளுர வச்சுட்டான், மரத்துக்கு மரம் நிக்குது!"

போர்டு எப்படியோ அடுப்புக்குத் தப்பியது. ஆனால் அதற்குப் பிறகு நான் செய்த தொட்டிக்கெல்லாம் முதலில் வாங்கிய சாமான் பூட்டுதான்.