பாதியில் நின்ற பட்டை

வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனி ஒன்றின் செக்கிங் பிரிவில் சேர்ந்தபோது நாகஜோதி பள்ளிப் படிப்பை மட்டுமே முடித்திருந்தாள். அருப்புக்கோட்டையிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். பகலில் துணியில் ஓட்டை பார்த்துக்கொண்டே, தபால் வழியில் கம்ப்யூட்டர் பட்டம் வாங்கினாள். 2007-இல் முதலாளி சுப்பண்ணன் அவளை ஆபீசுக்கு மாற்றினார். எந்த ஆர்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று எல்லா யூனிட்டும் பிரவுசரிலேயே பார்க்கவும் பதியவும் ஒரு வெப் அப்ளிகேஷனை அவள் தனியாளாக எழுதினாள்.

வேலை செய்தது, ஆனால் ஆமை வேகத்தில். பெருமாநல்லூர் யூனிட்டில் பேக்கிங் பார்த்த ராக்கம்மாள் பெட்டிக் கணக்கைப் பதிந்து பட்டனை அழுத்தினால், திரை வெள்ளையாகி அப்படியே நிற்கும். போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தெரியாமல் மறுபடி அழுத்துவாள். அதே பெட்டிகள் இரட்டிப்பாக ஏறிவிடும். திரும்ப அழுத்த முடியாதபடி நாகஜோதி பட்டனைப் பூட்டினாள். ராக்கம்மாள் பிரவுசரையே மூடிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்; பெட்டிகள் மறுபடி இரட்டித்தன.

ஒருநாள் கம்ப்யூட்டர் தயார் என்று சொன்ன பெட்டிகளில் பாதி இல்லாமல் கன்டெய்னர் வண்டி வாசலிலேயே நின்றது. சுப்பண்ணன் சத்தம் போடவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"கண்ணு, பழையபடி போன்லயே கேட்டுக்கலாமுங்களா? இதைய நிறுத்திப் போடலாம்."

"வேண்டாங்கண்ணா. அடுத்த ஷிப்மென்ட் வரைக்கும் விடுங்க. உள்ள வேலை நடக்குறது வெளிய தெரியல, அதான் குறை. நான் தெரிய வைக்கிறேன்."

"செரி, பாருங்க."

பக்கத்தின் உச்சியில் ஒரு நீலப் பட்டையை வைத்தாள். பக்கம் வரும்வரை அது இடமிருந்து வலமாக நிறையும். சர்வரில் நடப்பது அந்தப் பட்டைக்குத் தெரியாது. நேரத்தை வைத்துத் தானாக நகர்ந்தது. எல்லோரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள், ராக்கம்மாள் போன் செய்யும் வரைக்கும்.

"ஏத்தா ஜோதி, பட்டை முழுசா நெறைஞ்சு போச்சு, பக்கத்தைக் காணோம். உம் பட்டை பொய் சொல்லுதுத்தா."

ராக்கம்மாள் அக்கா சொன்னதில் தப்பே இல்லை. அந்தப் பட்டையை நாகஜோதி அன்றே அழித்தாள்.

"வேகமாக்க வழியில்லாம கலர் பூசறீங்களா?" என்று சுப்பண்ணனின் மகன் தங்கதுரை சிரித்தான். அவள் பக்கத்தையே உடைத்துப் போட்டாள். மொத்தத்தையும் ஒரே மூச்சில் கேட்பதை விட்டுவிட்டு, கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று தனித்தனியாகக் கேட்க வைத்தாள். ஒரு பிரிவின் விவரம் வந்து சேர்ந்தால்தான் பட்டை ஒரு பங்கு நகரும். இப்போது எது வருகிறது என்பதைப் பட்டைக்குக் கீழே தமிழில் எழுதிக் காட்டினாள். பெருமாநல்லூரின் பழைய கம்ப்யூட்டரில் அது வர மறுத்தது. பஸ் ஏறிப் போய், ராக்கம்மாள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து திருத்தி, பட்டை திரையில் வந்த பிறகுதான் எழுந்தாள்.

அந்த வாரமே ராக்கம்மாளிடமிருந்து மறுபடி போன்.

"செக்கிங் வரைக்கும் சரசரன்னு வருதுத்தா. பேக்கிங்னு வந்ததும் நின்னுக்கிருது. எப்பப் பார்த்தாலும் அங்கனதான்."

இத்தனை மாதம் எங்கே தாமதம் என்று நாகஜோதிக்கே தெரியாமல் இருந்தது. பேக்கிங் பகுதியைத் திறந்து பார்த்தாள். கப்பலேறிப் போன பழைய ஆர்டர்களின் பெட்டிகளையும் சேர்த்து ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கொண்டிருந்தது. அவள் எழுதியதுதான். நடப்பு ஆர்டரை மட்டும் எண்ணச் சொல்லித் திருத்தினாள்.

அடுத்த ஷிப்மென்டில் பெட்டிகள் சரியாக இருந்தன. தங்கதுரை அவள் மேசைக்கு வந்தான்.

"பட்டைய எடுத்துட்டீங்களா? கண்ணுலயே படலீங்களே."

"இருக்குதுங்க. பக்கம் சீக்கிரம் வந்துருது."

"அப்பறம் எதுக்குங்க அது?"

"நெட் படுத்துற அன்னைக்கு அக்காவுக்கு வேணுமுங்க. அது இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு நாகஜோதி திரையின் பக்கம் திரும்பினாள்.