தோற்றுக் காட்டுகிறவர்

தோற்றதும் முதலில் கண்ணாடியைக் கழற்றி ஓரமாக வைப்பார். பிறகு தரையில் மல்லாந்து, "போச்சே, எல்லாம் போச்சே" என்று காலை உதைப்பார். "வயிறு எரியுது, தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று எழுந்து போவார். திரும்பி வந்து, ஜெயித்த மகளிடம், "நல்லா ஆடினே கண்ணு. இன்னொரு ஆட்டம் போடலாமா?" என்பார். பாம்பும் ஏணியும் விளையாட்டுக்கு இத்தனை அமர்க்களம் செய்யும் இந்த மனிதர் என் கணவர், லிஃப்டு மெக்கானிக்.

நடிப்பு என்றே நினைத்திருந்தேன், ஒருநாள் கேட்டும்விட்டேன். "நடிப்பா? நிஜமாவே எரியுதுடி. அஞ்சு வயசுப் பொண்ணுகிட்ட தோத்தா எரியாதா?" என்றார். லிஃப்டு நடுவில் நின்றுபோனால், உள்ளே இருப்பவர்களை முதலில் கத்த விடுவாராம். "கத்தி முடிச்சாதான் நான் சொல்றது காதுல விழும்." மகள் அழுதாலும் அதட்டுவதில்லை, தண்ணீர் டம்ளரை நீட்டுவார். ஆனால் ஆட்டத்தில் ஒரு கட்டம்கூட விட்டுக்கொடுக்க மாட்டார்.

நான் நேர் எதிர். வங்கியில் காசாளர். வரிசை தாண்டி ஒருவர் கை நீட்டினால் நான் பார்க்கும் பார்வையில் மேலாளரே பின்வாங்குவார். வீட்டிலோ, மகள் முகம் சுருங்கினால் போதும், என் சுண்டுவிரல் பகடையைப் புரட்டிவிடும். என்னிடம் அவள் தோற்றதே இல்லை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பக்கத்து வீட்டுச் சிட்டுவிடம் தோற்றதும் மகள் அட்டையைத் தூக்கிச் சிட்டுவின் முகத்தில் எறியும்வரை. "இன்னொரு தடவை இப்படி நடந்தா சிட்டுவ அனுப்ப மாட்டேன்" என்று சிட்டுவின் அம்மா வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனாள். இந்தக் கட்டடத்தில் மகளுக்கு வேறு தோழி கிடையாது. நான் செய்த திருட்டுக்கு அவள் தனியாக உட்காரப் போகிறாள்.

இன்று சிட்டு வந்திருந்தாள். கணவர் என் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளுக்கு மூன்று விழுந்தால் வெற்றி, ஒன்று விழுந்தால் பாம்பு. உருட்டிய பகடை பீரோவுக்கு அடியில் ஓடிவிட்டது. மகள் குப்புறப் படுத்துத் தலையை நுழைத்தாள். விழுந்த எண் அவளுக்கு மட்டும்தான் தெரியும். மூன்று, மூன்று என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று விழ வேண்டும் என்றா, மூன்று என்று அவள் சொல்லிவிட வேண்டும் என்றா என்று என்னைக் கேட்காதீர்கள்.

தலையில் ஒட்டடையோடு வெளியே வந்தாள். உதடு துடித்தது. "ஒண்ணு" என்றாள்.

"இருட்டுல சரியாத் தெரிஞ்சிருக்காது, இன்னொரு தடவை..." என்று ஆரம்பித்தேன். கணவர் என் பக்கம் திரும்பாமலேயே கையை நீட்டி என் வாயைப் பொத்தினார். மகள் தன் காயைப் பாம்பின் வால்வரை இழுத்துக்கொண்டு போய் வைக்கும்வரை, கிரீஸ் வாசனை அடிக்கும் அந்தக் கையை அவர் எடுக்கவே இல்லை.